கொடியில் காயும் கையுறைகள்

அத்தியாயம் 17

“விலாசத்தை எதுக்குட்டி எழுதின? அதுக்கு முதல்ல பதில் சொல்லு...”

“எழுதின காரியம் சரியா தப்பாண்ணு நீங்க ஒரு வார்த்தை...”

“நான் கேக்கது விலாசம்! வீட்டுப்பேரு, ஊரு, தபாலாபீசு, பின்கோடு வரைக்கும்...”

“கையுறையைப் பத்திக் கேளுங்கப்பா! ரெண்டு வாரமா விலாசம் விலாசம்ணு...”

“ரெண்டு பேரும் கொறச்சு மெதுவா பேசுங்க. செக்போஸ்ட்ல நிக்கிய போலீசுக்குக் கேட்டிரும்,” என்றாள் பகவதி, அடுக்களையிலிருந்து.

கேட்டால்தான் என்ன என்று தோன்றியது கிருஷ்ணப்ரியாவுக்கு. துபாய்க்குக் கேட்டுவிட்டது, சிக்காகோவுக்குக் கேட்டுவிட்டது. இஞ்சிவிளை செக்போஸ்ட் போலீஸ்காரர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

விஷயம் இதுதான். நெய்யாற்றின்கரையில் ஒரு நர்சிங் ஹோமில் மூன்று வருஷமாக ரத்தப் பரிசோதனை செய்கிறவள் அவள். ஈமெயிலில் ‘தெக்கன் கூட்டம்’ என்று ஒரு குழு உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பிறந்து உலகமெங்கும் போய்க் கிடக்கிறவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போய்ச் சேரும். தமிழைத்தான் எழுதுவார்கள், இங்கிலீஷ் எழுத்தில். அங்கே ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும், அவரிடம் சொல்லாமலே, எய்ட்ஸ் பரிசோதனை செய்ய வேண்டும், வேலை பார்க்கிறவர்களின் உயிருக்கு அதுதான் காவல் என்று ஒரு கட்சி. கூடாது என்று இன்னொரு கட்சி.

கிருஷ்ணப்ரியா நடுவில் புகுந்து எழுதினாள். “நோயாளியைச் சந்தேகப்படுவது இருக்கட்டும், முதலில் எங்களுக்குக் கையுறை கொடுங்கள். ஒரு தடவை போட்டு எறிய வேண்டிய கையுறையை நாங்கள் அலசி, கொடியில் காயப்போட்டு, பவுடர் தட்டி, மறுபடியும் மாட்டுகிறோம். கூட்டிப் பெருக்கும் ஒரு அக்காவின் கையில் குப்பை பக்கெட்டில் கிடந்த ஊசி குத்திவிட்டது. அதை எழுதி வைக்கக்கூட ஆள் இல்லை.”

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அக்காவின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் கீழே, குழுவில் ஒருத்தரும் செய்யாத காரியத்தைச் செய்தாள். மற்றவர்கள் எல்லாம் கடலோரன், நெய்யாற்றுப் புலி என்று புனைபெயரில் உறுமிக்கொண்டிருக்க, இவள் கிருஷ்ணப்ரியா, தகப்பனார் பெயர் சிவானந்தம், தெற்றிவிளை வீடு, இஞ்சிவிளை, பாறசாலை தபால் என்று பின்கோடோடு முடித்தாள்.

அப்புறம் சொல்ல வேண்டுமா? எவனோ ஒரு புண்ணியவான் அதை அச்செடுத்து நர்சிங் ஹோம் டாக்டருக்கே அனுப்பிவிட்டான். போன வாரம் மேனேஜர் ஜெயதாஸ் அவளைக் கூப்பிட்டுத் தவணை சொன்னார். எழுதியது பொய் என்று அதே குழுவில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள். எழுதினால் மூன்று வருஷ அனுபவச் சான்றிதழ் கிடைக்கும். திங்கட்கிழமை திருவனந்தபுரத்தில் குவைத் இன்டர்வியூ. சான்றிதழ் இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

“பேரும் விலாசமும் இல்லாத மனு ஊமைக்கத்து, அதை நான் வாசிக்காம கூடையில போடுவேன்ணு சொல்லித்தந்தது ஆரு? நீங்கதானே?” என்றாள் கிருஷ்ணப்ரியா.

சிவானந்தம் முப்பத்திரண்டு வருஷம் தாலுக்கா ஆபீசில் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அவருக்கு இந்த அடி சரியான இடத்தில் விழுந்தது.

“அது சர்க்காருக்கு எழுதும்போ, எட்டி! முகமறியாத கூட்டத்துக்கு எழுதும்போ ஆராவது விலாசம் வைப்பாளா?”

“முகமறியாத கூட்டம்ணா ஊமைக்கத்து எழுதலாமா?”

“பாத்தியா பகவதி, இவளுக்க நாக்கை!”

“நாக்கை நான் நிறைய பாத்தாச்சு. தபால்காரனைத்தான் பாக்க முடியல்ல,” என்று பகவதி ஒரு கட்டுக் கடிதாசியோடு வந்தாள். “இன்னைக்கு வந்ததையும் சேத்து பதினொண்ணு. எட்டுபேரு ஏசியிருக்கான். ரெண்டுபேரு ஜெபிக்கேன்ணு எழுதியிருக்கான். இவன் ஒருத்தன், பினாங்குல ரப்பர் கம்பெனியில இருக்கானாம், கலியாணம் கழிச்சுத் தருவியளாண்ணு கேக்கான். எழுத்து முத்து முத்தா இருக்கு.”

“அம்மா!”

“நான் ஒண்ணும் சொல்லல்ல. எழுத்து நல்லா இருக்குண்ணு சொன்னேன். பாக்கி பத்தையும் அடுப்பில வைக்கேன்.”

சிவானந்தம் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். நேற்றுப் பகல் முழுக்க உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதியது.

“இதை வாசிச்சு நோக்கு. தவறான தகவலின் அடிப்படையில், உள்நோக்கம் ஏதுமின்றி எழுதப்பட்ட மேற்படி கருத்தை இதனால் திரும்பப் பெறுகிறேன். ஒருத்தனுக்கும் காலைப் பிடிச்ச மாதிரியும் இல்ல, சண்டை பிடிச்ச மாதிரியும் இல்ல. ஆபீஸ் பாஷையாக்கும்.”

“தவறான தகவல்ணா எது அப்பா? கொடியில காயுத கையுறையா, ஊசி குத்தின குமாரியக்காவுக்க விரலா?”

அவர் தாளை மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்தார்.

“நீ அனுப்புவியோ மாட்டியோ, எனக்கு உறுதி இல்ல. நானும் வாறேன்.”

“வாங்க. வந்து வாசிச்சுப் பாருங்க, என்ன எல்லாம் சொல்லுதானுவண்ணு.”

“குடையை எடுத்துட்டுப் போங்க. ரெண்டுபேரும் பஸ்ல சண்டை போடாதீங்க, அங்கன ஆளு அறியும்,” என்றாள் பகவதி.

பஸ்ஸில் அவர்கள் சண்டை போடவில்லை. பேசவே இல்லை. அமரவிளைப் பாலம் தாண்டும்போது மட்டும் சிவானந்தம், “குவைத்தில சூடு ஜாஸ்தியாம்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, தையல்கடை மாடியில் ரெனிலின் இன்டர்நெட் கடை. இரண்டே கம்ப்யூட்டர். செருப்பை வெளியே கழற்ற வேண்டும், பாவம் அவற்றுக்குத் தூசி ஆகாது. ரெனில் பூவார்க்காரன். கிருஷ்ணப்ரியா கையால் எழுதிக்கொண்டு வருவதை அவன்தான் தட்டித் தருவான்.

“சேச்சி வந்தாச்சா! அங்க தீயாக்கும். அறுபத்திமூணு மெயில் வந்து கிடக்கு, எல்லாம் சேச்சியைப் பத்தி.” பின்னால் வந்தவரைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். “அங்கிள் இருங்க.”

மோடம் இரைந்து, விக்கி, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. திரையில் வரிசையாக வந்து விழுந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை வாசிக்க சிவானந்தத்துக்குத் திணறியது. கிருஷ்ணப்ரியா சத்தமாக வாசித்தாள்.

“இது சிக்காகோவில ஒரு டாக்டர். வாறவனை எல்லாம் முதல்லயே பரிசோதிச்சு, நோய் உள்ளவனைத் தனியா ஒதுக்கியாச்சுண்ணா கையுறை தகராறே கிடையாதாம்.”

“அவரு சொல்லுதது நியாயம்தானே?” என்றார் சிவானந்தம்.

“நியாயமா? நோய் தொத்தினவனுக்க ரத்தத்தில முதல் மூணு மாசம் ஒண்ணும் தெரியாம போவும் அப்பா. பரிசோதனை இல்லேண்ணுதான் சொல்லும். நான் அதைத்தானே தினமும் பாக்கேன்? இல்லேண்ணு எழுதின சீட்டை நம்பி கையுறையைக் கழத்தினா, அந்த மூணு மாசக்காரன் ரத்தத்தை ஆரு தொடுவா? குமாரியக்காவுக்க ரத்தத்தையும் இப்ப பாத்துப் பிரயோஜனம் இல்ல. ஊசி குத்தி மூணு மாசம் கழிஞ்சு, நவம்பர்ல பாக்கணும்.”

அவர் திரையையே பார்த்தார். “அதை எழுது,” என்றார் மெல்ல.

“எழுதியாச்சு. ஆரு வாசிச்சா? இஞ்ச பாருங்க, இவன் என்னை ஆணுண்ணு சொல்லுதான். பெண்பிள்ள இப்படி எழுதமாட்டாளாம். இது ரியாத்தில ஒரு நர்ஸ். ‘நாங்களும் கிழிந்த விரலில் பிளாஸ்டர் ஒட்டி மாட்டியிருக்கிறோம், பெயர் போட முடியாத நிலைமை, மன்னிக்கவும்.’ பின்ன இது... இது வேண்டாம்.”

“எது வேண்டாம்? வாசி.”

“நெய்யாற்றுப் புலி எழுதினது. வேண்டாம்ப்பா.”

“வாசிட்டி!”

அவள் வாசித்தாள். “‘இப்படி ஒரு பெண்ணே கிடையாது. இது யூனியன்காரன் கட்டிய கதை. நானும் பாறசாலைக்காரன்தான். இஞ்சிவிளையில் தெற்றிவிளை என்று ஒரு வீடே இல்லை. சிவானந்தம் என்று ஒரு ஆளும் இல்லை.’”

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார்.

“நான் இல்லியா?” என்றார் சிவானந்தம்.

“அவன் கிடக்கான், விடுங்க.”

“எனக்க வீடு இல்லியா? எனக்க அப்பா கட்டின வீடு, வில்லேஜ் ஆபீஸ் ரிக்கார்டில கிடக்கிய வீடு, இல்லியா? எலே ரெனிலு, ஆரு இவன்? இவனுக்க பேரென்ன, வீடேது?”

“அதொண்ணும் அறிய முடியாது அங்கிள். அங்கன ஆருக்கும் பேரு கிடையாது.”

“பேரு இல்லாத ஒருத்தனா என்னை இல்லேண்ணு சொல்லுதான்!”

அவர் குரல் கீழே தையல்கடைவரை போயிருக்கும். மிஷின் ஓட்டம் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. கிருஷ்ணப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

“மக்ளே,” என்றார் அவர், வேறு குரலில். இரண்டு வாரத்தில் இன்றுதான் அப்படிக் கூப்பிடுகிறார். “அந்தப் பெண்ணுக்கு எங்க குத்திச்சு?”

“வலது கை பெருவிரல். ரெண்டு துளி ரத்தம் வந்தது. நான்தான் சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன்.”

“என்னைக்கு?”

“ஆகஸ்ட் நாலாம் தேதி. காலம்பற பத்தேகால்.”

“ரெஜிஸ்டர்ல ஏத்தினானுவளா?”

“இல்ல. எழுதுங்க சார்ண்ணு கேட்டேன். அந்த பக்கெட்ல ஊசி இருக்க வழியே இல்ல, பின்ன என்னத்தை எழுதண்ணு ஜெயதாஸ் சார் ரெஜிஸ்டரை மூடி வைச்சாரு.”

“நடந்த காரியத்தை ஏத்தாம விட்டானா?” சிவானந்தம் நாற்காலியில் நிமிர்ந்தார். கையுறையோ, நோயோ, குவைத்தோ இதுவரை செய்யாததை அந்த மூடி வைத்த ரெஜிஸ்டர் செய்துவிட்டது. “நாளும் நேரமும் சொல்ல ஆளு உண்டு, பாத்த சாட்சி உண்டு, ஏத்தல்ல. பின்ன அதைப் பொய்யிண்ணு சொல்ல உன்னைக் கூப்பிடுதான். என்னையும் ரெண்டு நாளு உக்கார்ந்து எழுத வைச்சிட்டான், பாவி!”

“எழுதினது ஒருநாள்தான் அப்பா.”

“யோசிச்சது ஒருநாளு. எலே, இதில எப்படி எழுதது? மேல என்ன போடணும்?”

ரெனில் திரையைக் காட்டினான். யாருக்கு, யாரிடமிருந்து, தேதி, பொருள்.

“பெறுநர், அனுப்புநர், பொருள்...” சிவானந்தம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “பரவாயில்லையே. முறையாத்தான் வைச்சிருக்கானுவ. பொருள்ங்கிற இடத்தில போடு. தெற்றிவிளை வீடு இருப்பது தொடர்பாக.”

“அப்பா!”

“நீ உனக்க பங்கை எழுது. நான் எனக்க பங்கை எழுதுதேன். போடுலே. நெய்யாற்றுப் புலி என்பவருக்கு. தெற்றிவிளை வீடு உண்டு. சிவானந்தம் ஆகிய நானும் உண்டு. சந்தேகமிருப்பின் எந்த நாளும் காலை பத்துமணிக்குமேல் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். வரும்போது தங்கள் பெயரையும் கொண்டு வரவும்.”

ரெனில் சிரித்துக்கொண்டே தட்டினான். “கடைசி வரி கொள்ளாம் அங்கிள், அசத்திட்டீங்க.”

கிருஷ்ணப்ரியா அதற்குக் கீழே எழுதினாள். கையால் எழுதவில்லை. அவளே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

“நான் எழுதியது பொய் என்று இன்று ஐந்து மணிக்குள் இங்கே எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதினால் மூன்று வருஷ வேலைக்குச் சான்றிதழ் தருவார்கள். எழுதாவிட்டால் தரமாட்டார்கள். நான் எழுதவில்லை. இன்றைக்கும் ஆறு ஜோடி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.”

“எப்ப எண்ணின? இன்னைக்கு நீ வேலைக்குப் போவல்லியே?”

“பஸ்ல இருந்து இறங்கினதும் தெரியும் அப்பா. ஆஸ்பத்திரி மதிலுக்கு மேல கொடி. நீங்க அந்தப் பக்கம் பாக்கல்ல.”

‘அனுப்பு’ என்ற இடத்தில் அம்புக்குறியை வைத்துவிட்டு, அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன நோக்குத? குவைத்தா?” என்றார் அவர். “மூணு வருஷம் உன்கிட்ட ரத்தம் குடுத்த ஆளுக எத்தனை ஆயிரம். நீ வேலை பாத்தது ஊருக்குத் தெரியும். அனுப்பு.”

அனுப்பினாள்.

நேரம் நாலே முக்கால். அவர்கள் நர்சிங் ஹோமுக்கு நடந்தார்கள். போக வேண்டிய அவசியம் இல்லை. சொல்லாமல் ஒளிந்துகொண்டாள் என்று ஒருத்தன் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் போனார்கள்.

ஜெயதாஸ் கத்துகிற மனிதர் இல்லை. அதுதான் அவரிடம் பயம். மேசைமேல் நர்சிங் ஹோம் தலைப்பு போட்ட வெள்ளைத் தாள் தயாராக இருந்தது. டைப் அடித்து, டாக்டரின் முத்திரை குத்தி, கீழே மேனேஜர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

“சாரும் வந்திட்டுண்டோ? இருக்கணும், இருக்கணும்,” என்று சிவானந்தத்துக்கு நாற்காலியைக் காட்டினார். “மோளே, காரியம் கழிஞ்சுதா? அனுப்பினியா?”

“அனுப்பினேன் சார்.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். முனை தாளைத் தொடப் போயிற்று. ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கையெழுத்து விழும். தாளை வாங்கி மடித்துக்கொண்டு படியிறங்கிவிடலாம். திங்கட்கிழமை, குவைத், தனி அறை, நாளுக்கு ஒரு பெட்டி புதுக் கையுறை. கிருஷ்ணப்ரியா அப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

“நீங்க சொன்னதை அனுப்பல்ல சார். நடந்ததை அனுப்பினேன். அஞ்சு மணிக்குள்ள பொய் எழுதச் சொன்னதையும் சேத்து.”

பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு மூடி திரும்ப மாட்டப்பட்டது. ஜெயதாஸ் கோபப்படவில்லை. அந்தத் தாளை எடுத்து மேசையிழுப்பில் வைத்துப் பூட்டினார். மணியை அடித்தார்.

“குமாரியை வரச் சொல்லு.”

குமாரி வந்தாள். நாற்பது வயசிருக்கும். பூவாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவன். கிருஷ்ணப்ரியாவைக் கண்டதும் சேலைத் தலைப்பில் வலது கையைச் சுற்றிக்கொண்டாள்.

“குமாரி இன்னைக்கு ஒரு கடலாஸ் எழுதித் தந்திட்டுண்டு,” என்று ஜெயதாஸ் வேறொரு தாளை முன்னால் தள்ளினார். “சாரு வாசிக்கணும். சாரு ஆபீஸ்காரனல்லே.”

சிவானந்தம் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் கறுத்தது.

“மீன்முள்ளா?” என்றார்.

“அதே. வீட்டில கெளுத்தி மீன் வெட்டும்போ குத்தின முள்ளு. இவிட ஒரு ஊசியும் குத்தல்ல. கையொப்பு உண்டு, தேதி உண்டு. குமாரி பன்னிரண்டு வருஷமா தினக்கூலி. ஒண்ணாம் தேதி முதல் வேலை ஸ்திரம்.” அவர் கிருஷ்ணப்ரியாவைப் பார்த்து வருத்தமாகச் சிரித்தார். “இப்ப சொல்லு மோளே. உலகம் முழுக்க எழுதினியே, அதில இனி பொய் ஆருக்க பொய்?”

குமாரி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

சிவானந்தம் எழுந்துவிட்டார். “எட்டீ, உனக்க விரலைக் கழுவிவிட்ட பிள்ளைய...” என்று குமாரியைப் பார்த்து ஆரம்பித்தவரை, கிருஷ்ணப்ரியா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. அக்காவுக்க வீட்டில அடுப்பெரியதும் எனக்குத் தெரியும், எரியாததும் தெரியும்.” பிறகு ஜெயதாஸிடம் திரும்பினாள். “சார், அந்தத் தாளை நீங்க பத்திரமா வைச்சிருங்க. நான் எழுதினதில ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். வேலையை விட்டு நிறுத்தணும்ணா எழுத்தில தாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போறேன்.”

ஜெயதாஸ் வாய் திறக்குமுன் அவள் குமாரியின் அருகே போனாள். தலைப்புக்குள் ஒளிந்திருந்த கையைத் தொடவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். அவ்வளவுதான்.

“அக்கா, நீங்க எழுதிக் குடுத்ததைப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நவம்பர் நாலாம் தேதி வியாழக்கிழமை, மூணு மாசம் ஆவுது. அன்னைக்கு மெடிக்கல் காலேஜுக்கு ரத்தம் பாக்க எனக்ககூட வருவியளா, ஒற்றைக்குப் போவியளா?”